ஆறு குதிரையா, பதினைந்து குதிரையா?

என் முப்பத்தைந்து வருட சர்வீஸில் நான் சம்பந்தப்பட்டு வாங்கிய இயந்திரங்கள் இரண்டே இரண்டு. ஒன்று தட்டச்சு இயந்திரம், மற்றது பின்னாளில் வந்த ஜெராக்ஸ் மிஷின். அவற்றையும் நான் வாங்கவில்லை. நான் கோப்பு எழுதினேன், மேலே இருந்தவர்கள் வாங்கினார்கள். அப்படிப்பட்ட நான், 2019 ஜூன் மாதம், பிரான்சின் தென்கரையில் ஃப்ரேழுஸ் என்ற ஊரில், ஒரு கிழட்டுப் படகுக்குப் புது மோட்டார் தேடி மூன்று வாரம் அலைந்தேன்.

படகு என் பெரியப்பா மகனுடையது. எங்களுக்குள் நான்கு வயது வித்தியாசம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் இப்படி ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். அதன் விளைவு வேடிக்கையானது. பிரெவே வரை பிரெஞ்சிலேயே படித்து, டிக்டேஷனில் பிழையில்லாமல் எழுதிய நான், பிறகு ஆங்கிலம் கற்றுக்கொண்டு யூனியன் பிரதேச அரசில் எல்.டி.சி. ஆனேன். பள்ளிக்கூடச் சுவரை உள்ளிருந்து வெளியே மட்டுமே ஏறத் தெரிந்த அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சொல்தா ஆனார்.

ஃப்ரேழுஸ் பழைய ராணுவ ஊர். முதல் உலகப் போரின்போது காலனி நாடுகளிலிருந்து வந்த சிப்பாய்களைக் குளிர்காலத்தில் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1917-ல் இந்தோசீனச் சிப்பாய்கள் கட்டிய புத்தர் கோயில் இன்னும் இருக்கிறது. நம் ஊர்க் குடும்பங்களும் ராணுவத்தின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தன. அண்ணன் பென்ஷன் வாங்கிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். எண்பதுகளில் செய்த ஒரு ஃபைபர் படகை யாரிடமோ வாங்கினார். நாலரை மீட்டர் நீளம். அதன் பக்கத்தில் ‘வில்லியனூர்’ என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்தார். துறைமுகத்தில் ஒருவருக்கும் அதை உச்சரிக்க வராது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

என் மனைவியும் நானும் போய் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் மோட்டார் செத்துப்போயிருந்தது. அது பதினைந்து குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் ஐம்பது பங்குக்கு ஆயில் ஒரு பங்கு கலந்து ஊற்ற வேண்டும். ஓடும்போது நீலப்புகை வரும், நம் ஊரில் பழைய பஜாஜ் ஸ்கூட்டர் நாறுவதுபோல நாறும். இந்த மோட்டார்களுக்குக் கடல் தண்ணீர்தான் குளிர்ச்சி. அடியில் ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அனுப்புகிறதா இல்லையா என்று நமக்குத் தெரிவதற்காக மோட்டாரின் பின்னால் ஒரு துளை வழியாக மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரை நான் இங்கே தமிழில் எழுத மாட்டேன். சின்னப் பையன்கள் சுவரோரம் செய்யும் காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று ரப்பர் கிழிந்து தாரை நின்றிருக்கிறது. அண்ணன் கவனிக்கவில்லை. “தூண்டிலப் பாத்துக்கிட்டிருந்தேன்டா” என்றார். மோட்டார் கொதித்து, பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிட்டது. மெக்கானிக் அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது ஒரு சிலிண்டர் காட்டியதில் பாதியைக்கூட மற்றது காட்டவில்லை. முப்பது வயது மோட்டாருக்கு அவ்வளவு செலவு செய்வது வீண் என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு வேண்டியது அதே போல் ஒரு பதினைந்து. மகனுக்கு, அதாவது லியோனில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனுக்கு, வேண்டியது ஆறு. காரணம் இருந்தது. பிரான்சில் ஆறு குதிரைவரை, அதாவது நாலரை கிலோவாட் வரை, மோட்டார் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேலே போனால் ‘பெர்மி’ வேண்டும். ஆறு என்றால் விடுமுறைக்கு வரும்போது அவனும் ஓட்டலாம், பன்னிரண்டு வயதுப் பேரனும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்கலாம். எடையும் இருபத்தைந்து, இருபத்தேழு கிலோதான். அப்பா தனியாகத் தூக்கி வைத்துவிடலாம். விலையும் பாதி. இதையெல்லாம் போனில் எனக்கு அழகாக விளக்கினான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சித்தப்பா, எனக்குக் கேட்டா படகையே வித்துடலாம். அவர் தனியா போறது எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

அண்ணனிடம் ஆறு குதிரை என்று சொன்னேன். அலமாரியிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். ஓரம் மடிந்த அட்டை, அதில் மீசையோடு இளவயது போட்டோ. “இத வச்சுக்கிட்டு டூரிஸ்ட்காரன் மோட்டார ஓட்டச் சொல்றான் அவன்” என்றார். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வேறு ஒரு விஷயம் சொன்னார், அதைத்தான் நான் குறித்துக்கொண்டேன்.

அந்தக் கரையில் மிஸ்த்ரால் என்றொரு காற்று உண்டு. வடமேற்கிலிருந்து வரும். ஃப்ரேழுஸில் அது ஆர்ழான்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிக் கடலைப் பார்த்து வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, சாதுவாகத் தெரியும். காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுவதால் அலை கிட்டத்தில் எழுவதில்லை. உள்ளே போகப் போகத்தான் தெரியும். பல வருடம் முன்பு சேன் ரஃபாயேல் எதிரே ‘கடல் சிங்கம்’ என்று சொல்லும் செம்பாறை இருக்கிறதே, அதற்கு வெளியே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று காற்று எழுந்ததாம். பதினைந்து குதிரை இருந்தும் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனதாம். “ஆறு குதிரைன்னா அன்னிக்கு நான் கோர்சிகாவுல எறங்கியிருப்பேன்” என்றார். காற்று வரும் என்று அறிவித்தால் போகவேண்டாமே என்பது மகனின் பதில். அதுவும் நியாயம்தான். ஆனால் எழுபத்து மூன்று வயதுவரை கடலுக்குப் போய் வந்தவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

எழுத்தன் செய்வதை நான் செய்தேன். மூன்று கொட்டேஷன் வாங்கினேன். கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் எழுதினேன். குதிரைத்திறன், சிலிண்டர், கொள்ளளவு, எடை, விலை, உத்தரவாதம். நம் சர்க்கார் முறைப்படி குறைந்த விலை கொடுத்தவன் எல்-ஒன், அவனுக்குத்தான் ஆர்டர். நல்லவேளை, அண்ணன் சர்க்கார் இல்லை.

பட்டியல் எழுதும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பழைய பதினைந்து குதிரை மோட்டார் முப்பத்தெட்டு கிலோ. புதிய பதினைந்து குதிரை ஐம்பதுக்கு மேல். ஏன் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். ஆயில் கலந்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே கடலில் போய்விடுகிறது என்று ஐரோப்பா 2003-ல் சட்டம் போட்டு, 2007-லிருந்து அந்த மாதிரிப் பழைய வகை டூ ஸ்ட்ரோக் புதிதாகக் கடைக்கு வராமல் செய்துவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். சத்தம் குறைவு, பெட்ரோல் குறைவு, புகை இல்லை. ஆனால் வால்வு, கேம், தனியாக ஆயில் தொட்டி என்று உள்ளே சாமான் அதிகம். ஆகவே எடை அதிகம். அதே திறன் வேண்டும் என்றால் பன்னிரண்டு, பதினைந்து கிலோ கூடுதலாகப் பழைய படகின் முதுகில் ஏற்ற வேண்டும். நான் வாங்கிய மூன்று கொட்டேஷனிலும் கதை இதேதான், சில கிலோ முன்னே பின்னே.

இதைப் பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். படகை மோட்டார் இல்லாமல் துறைமுகத்துத் தண்ணீரில் இறக்கினோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன்களைப் பின்பக்கம் மோட்டார் தொங்கும் இடத்தை ஒட்டி அடுக்கி, அண்ணனை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, தண்ணீர் மட்டத்திலிருந்து பின்பலகையின் மேல் விளிம்புவரை டேப்பால் அளந்தேன். முதலில் நாற்பது கிலோ, பிறகு ஐம்பத்தைந்து. நான் பெரிய வித்தியாசம் வரும், அதைக் காட்டி அண்ணனை ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று இருந்தேன். வந்த வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். அண்ணன் படகிலேயே உட்கார்ந்து சிரித்தார். “இதுக்காடா இவ்வளவு நோட்டும் பேனாவும்?” கரையில் நின்றிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள், அவர்களுக்கு என்ன புரிந்ததோ.

படகை மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோனபோதுதான் உண்மையான சங்கதி வெளியே வந்தது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. அதிகம் பேசாதவர். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பின்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். டொக் டொக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் இடதுபக்கக் கீழ்மூலையில் பொத் என்று மாறியது. நாம் தேங்காயைத் தட்டிப் பார்ப்போமே, அப்படி. அங்கே இருந்த போல்ட்டைக் கழற்றினார். துளையிலிருந்து காபித் தண்ணீர் போல் பழுப்பாக ஒழுகியது. ஃபைபர் படகு என்று நாம் சொன்னாலும் பின்பலகை வெறும் ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. போல்ட் துளை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி அந்த மரம் ஒரு மூலையில் ஊறிப் போயிருந்தது.

தண்ணீரில் மிதக்கும்போது எடையைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன் என்றார் அவர். டிரெய்லரில் வைத்து ரோட்டில் இழுத்துப் போகும்போது ஒவ்வொரு மேட்டிலும் மோட்டார் எகிறிக் குதிக்கும், அப்போது அந்தப் பலகையைப் பிய்க்கும். ஓடும்போது தள்ளுகிற விசையும் முழுக்க அந்தப் பலகையில்தான் விழும். மரத்தை முழுவதும் மாற்றலாம், ஆனால் அந்தக் கூலிக்கு வேறு படகே வாங்கிவிடலாம். ஊறின மூலையைத் தோண்டி எடுத்து எபாக்ஸி போட்டு அடைத்து, உள்ளேயும் வெளியேயும் அலுமினியத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பித் தருகிறேன், இன்னும் சில வருடம் தாங்கும், ஆனால் பழைய மோட்டார் என்ன எடையோ அதற்கு மேலே போகாதீர்கள் என்றார்.

இதை நான் அண்ணனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாமல் இல்லை, என்னைவிட வேகமாகப் பேசுவார். ஆனால் அவரது பிரெஞ்சு முகாமில் கற்றது. கட்டளை, வசவு, சாப்பாடு, சினேகம் எல்லாம் அதில் உண்டு. எபாக்ஸி பற்றியும் பாரம் பற்றியும் ஒருவர் நீளமாக விளக்கினால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ‘வீ, வீ’ என்று தலையாட்டிவிடுவார். ஐம்பது வருடம் அந்த நாட்டில் இருந்தவருக்கு நான் போய் மொழிபெயர்த்தேன். இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அங்கேயே இன்னொன்றும் நடந்தது. பட்டறையில் ஸ்டாண்டில் ஒரு பதினைந்து குதிரை மாட்டியிருந்தது, கயிறு இழுத்துக் கிளப்புகிற வகை. மெக்கானிக் அதைக் காட்டி, இழுத்துப் பாருங்கள் மொஸ்யே என்றார். அண்ணன் காலை ஊன்றி இழுத்தார். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார். இந்தமுறை வலது தோளைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை விட்டுவிட்டார், அது சர்ரென்று உள்ளே போனது. மூன்றாவது தடவை அவர் கை வைக்கவில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக் துணியை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பழைய மோட்டாரைக் கடந்த இரண்டு வருடமாக எப்படிக் கிளப்பினார் என்று நான் பிறகு அண்ணியிடம் கேட்டேன். துறைமுகத்தில் யாராவது பையனைக் கூப்பிடுவாராம். கடலில் நின்றுவிட்டால் என்ன செய்வார் என்று அண்ணிக்கும் தெரியாது.

அன்று இரவு பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்தமுறை முதல் கட்டத்தில் எடை. குதிரைத்திறனைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினேன். நாற்பது கிலோவைச் சுற்றி வருவது 8-ம் 9.9-ம்தான். பல கம்பெனிகளில் இவை இரண்டும் ஒரே உடம்பு, ஒரே எடை, உள்ளே வைக்கும் கட்டுப்பாட்டில்தான் வித்தியாசம். ஒரே எடை என்றால் காற்றை நினைத்து 9.9-ஐ எடுப்பதுதான் புத்தி. பட்டன் ஸ்டார்ட் வைத்தால் மூன்று கிலோ கூடும், பேட்டரியை நடு சீட்டுக்கு அடியில் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். விசிறி மட்டும் இழுவைக்கு ஏற்றதாக, பிட்ச் குறைந்ததாகப் போடச் சொல்ல வேண்டும். பழையபடி படகு தண்ணீர்மேல் எழும்பிப் பறக்காது. அந்த நீளப் படகு பறக்காமல் போனால் ஐந்து நாட் சுமாருக்குத்தான் போகும். கரையிலிருந்து முந்நூறு மீட்டர்வரை ஐந்து நாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது, ஆகவே பாதித் தூரத்துக்கு நஷ்டமில்லை.

தண்டின் நீளத்தில் மட்டும் ஏமாறப் பார்த்தோம். அண்ணன் மகன் விளம்பரத்தில் பார்த்து ஒரு பழைய 9.9 மலிவாக இருக்கிறது என்று அனுப்பினான். டேப்பை எடுத்துப் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை அளந்தேன், ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். விளம்பரத்தில் இருந்தது குட்டைத் தண்டு, முப்பத்தெட்டுக்கு. மோட்டாரின் விசிறிக்குமேல் ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ வரவேண்டும். குட்டைத் தண்டை மாட்டினால் விசிறி பாதி நேரம் காற்றைத்தான் அறுக்கும். ஒன்றரை சென்டிமீட்டரில் தோற்ற என் டேப் பதினாலு சென்டிமீட்டரில் ஜெயித்தது.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “பெர்மி வேணுமா, வேணாமா?” என்பது. வேண்டும் என்றேன். சரி என்றார். மகன் கொஞ்சம் வருத்தப்பட்டான். பதினாறு வயது ஆனால் பையன் லைசென்ஸ் எழுதட்டும், இன்னும் நாலு வருடம்தானே என்றேன். அண்ணன் தனியாகப் போவது பற்றி அவன் மறுபடி கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டன் ஸ்டார்ட் வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

மோட்டார் மாற்றினால் படகின் பதிவு ஏட்டிலும் மாற்ற வேண்டும். அந்தப் படிவத்தை நான் நிரப்பினேன். பள்ளியில் பழகின சாய்வெழுத்து, நாற்பது வருடம் ஆங்கிலத்தில் நோட் எழுதியும் கெடவில்லை. அண்ணன் அதை வாங்கி, கையெழுத்துப் போடுவதற்குமுன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க அப்பாவும் போய் எழுதிக் குடுத்திருக்கலாம்” என்றார். எழுதிக் கொடுத்திருந்தால் நானும் சொல்தாவாகத்தான் போயிருப்பேன், என் தோளும் போயிருக்கும் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் படகை இறக்கினோம். இந்த வகைக் கைப்பிடி மோட்டாரில், ஆறு குதிரைக்கு மேலே போனால், ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு கட்டாயம். அதைக் கையில் மாட்டிக்கொள்ள ஒரு முணுமுணுப்பு. முதல் பத்து மணி நேரம் முழு வேகம் கூடாது என்று புத்தகத்தில் இருந்ததை நான் படித்துச் சொல்ல இன்னொரு முணுமுணுப்பு. பட்டனை அழுத்தினார். உடனே பிடித்துக்கொண்டது. சத்தம் அவ்வளவு குறைவு. அண்ணன் ஒருகணம் கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தப் போனார். துறைமுகத்தைத் தாண்டி, செம்பாறைகளை நோக்கி மெல்லப் போனோம். அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதம் இருந்தது. நான் முன்பக்கம், அவர் பின்பக்கம்.

“தண்ணி வருதாடா, பாரு” என்றார். எட்டிப் பார்த்தேன். தாரை நன்றாக வந்துகொண்டிருந்தது. வருது அண்ணே என்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். வருது என்றேன். தாரை அவர் முழங்கைக்குக் கீழே, இரண்டடி தூரத்தில் வெயிலில் மின்னிக்கொண்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். வருது அண்ணே, நல்லா வருது என்று சொல்லிக்கொண்டே, புளிசாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சீட்டைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் அறுபது கிலோவில் பின்பலகை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று அளக்கவில்லை.